சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அடுப்பு

1

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். டயகமப் பக்கத்து ஆள் யாராவது உங்களிடம் சொன்னால் அது இன்னும் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும்.

ஜெர்மனியில் பதினெட்டு வருடமாக, வீடுகளுக்குள் குளிர் புகாமல் அடைக்கிற வேலை செய்கிறவன் நான். அந்தப் பதினெட்டு வருட அனுபவத்தையும் மொத்தமாகத் திரட்டி, போன மார்கழியில், இலங்கை மலையகத்து டயகமவில் இருக்கும் என் தங்கச்சியின் புது வீட்டை ஒரே பகலில் கருவாடு வாட்டும் இடமாக மாற்றினேன். உள்ளே வாடியவர்கள் மூன்று பேர்: தங்கச்சி செல்வி, அவள் புருஷன் தியாகு மச்சான், அப்புறம் நிபுணராகிய நான். வெளியே வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் தேயிலைத் தோட்டத்து ஜனத்தில் பாதி. "நெருப்பு எங்க? நெருப்பு எங்க?" என்று கேட்டவர்களுக்கு, இருமிக்கொண்டே செல்வி என்னைக் கைகாட்டினாள்.

நெருப்பு எதுவும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் விபத்து என்று சொல்லித் தப்பியிருக்கலாம். இது தொழில்சுத்தமாகச் செய்த வேலை.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. ஒரு தடவை போனில், "வீட்டுக்குக் கம்பளி போத்துற வேலை மச்சான்" என்றேன். தியாகு மச்சான், "இங்க மனுசனுக்கே கம்பளி பத்தல, அங்க வீட்டுக்குப் போத்துறாங்களா?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், என் பெயர் கம்பளிக்காரர்.

ஆனால் வேலை உண்மையில் அதுதான். இங்கே ஜெர்மனியில் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் கேஸோ எண்ணெயோ எரிகிறது. எரித்த சூட்டில் பாதி, சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் தெருவுக்குப் போகிறது. எரித்த புகை வானத்துக்குப் போய் உலகத்தையே சூடாக்குகிறது. அப்படி உலகத்தைச் சூடாக்குவதை நிறுத்து, உன் வீட்டை மட்டும் சூடாக்கு என்கிறது அரசாங்கம். அதனால் சாரம் கட்டி, வீட்டின் வெளிச்சுவர் முழுக்க ஒரு சாண் தடிப்பில் ரெஜிபோம் பலகை ஒட்டி, மேலே பூசிவிடுகிறோம். மீன் பெட்டி செய்கிற அதே வெள்ளைச் சாமான்தான். பள்ளிக்கூட ரிப்போர்ட் மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. பச்சை என்றால் நல்ல பிள்ளை, சிவப்பு என்றால் உருப்படாதது.

நான் வாடகைக்கு இருக்கும் வீடு சிவப்பு. நாள் முழுக்க ஊரார் வீட்டைப் போர்த்திவிட்டு, சாயந்திரம் வந்து இரண்டு ஸ்வெட்டருடன் சோறு தின்கிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வழக்கம் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர் கூச்செறியும். பனி கொட்டும் காலத்தில், காலையும் மாலையும், எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று மாற்ற வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மூச்சிலும் சமையலிலும் வருகிற ஈரம் வெளியே போகாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்குமாம். கதவிடுக்கில் சாக்கு, பலகை இடுக்கில் பேப்பர், தகர ஓட்டையில் பழந்துணி என்று அடைத்தே வளர்ந்த கை என்னுடையது. அந்தக் கையிடம் போய், தையில் ஜன்னலைத் திற என்றால் அது திறக்குமா? நான் திறப்பதாகப் பொய் சொல்லியே காலம் ஓட்டினேன். படுக்கையறை மூலையில் கறுப்பாக ஒரு தேசப்படம் வளர்ந்தது.

வீட்டுக்காரரின் அலுவலகத்திலிருந்து நான்கு பக்கப் படிவம் வந்தது. எத்தனை பேர் தூங்குகிறீர்கள், எத்தனை தடவை குளிக்கிறீர்கள், துணியை எங்கே காயப்போடுகிறீர்கள். அந்த மொழியில் பேசுவது எனக்குச் சாரத்தின் மேல் வந்தது. அதனால் திட்டத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியாது. மகள் மீராதான் நிரப்பினாள். "ஜன்னல்களை எப்போது திறப்பீர்கள்?" என்ற கேள்விக்கு, "அப்பா வீட்டில் இல்லாதபோது" என்று எழுதி, அதன் கீழே என்னிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

மீராவுக்குப் பதினேழு வயது. அவள் அம்மா யாழ்ப்பாணம், அதனால் மகளின் தமிழும் யாழ்ப்பாணம். என் பின்னாலேயே வந்து லைட்டை அணைப்பாள், ஹீட்டரைக் குறைப்பாள், நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டுவாள். ஊருக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டபோது வர மறுத்துவிட்டாள்.

"நான் வரேல்லை அப்பா. ஒருக்கா பிளேன் ஏறினால் நாங்கள் வீட்டிலை மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும்."

"அத்தையப் பார்க்க வேணாமா?"

"போனிலை பாக்கிறன்தானே."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொல்வதில் நியாயம் இருந்தது அதைவிடச் சுருக்கென்றது. நான் என்ன செய்ய? உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய பிள்ளை, என் ஒரே தங்கச்சியின் முகத்தை உள்ளங்கை அளவில்தான் பார்த்திருக்கிறது.

3

நான் போனது சும்மா பார்க்க இல்லை. செல்வி கூப்பிட்டாள்.

செல்வி கொழுந்து எடுக்கிறவள். தியாகு மச்சானுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பிள்ளைகள் கொழும்பில். வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, ஒட்டியிருக்கிற லயத்தில், ஏழாவது காம்பராவில் நாங்கள் பிறந்தோம். செல்வி கல்யாணமாகி அதிலேயே தொடர்ந்தாள். தனி வீட்டுத் திட்டத்தில் எத்தனையோ வருடம் காத்திருந்து, போன வருடம்தான் அவள் பெயர் வந்தது. ஏழு பேர்ச்சஸ் நிலம், நாலு பக்கமும் சுவர், உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர். அன்றைக்கு போனில் அவள் அழுததைக் கேட்டு, சாரத்தின் மேலேயே நின்று நானும் அழுதேன். கண்ணில் சிமெந்து விழுந்துவிட்டது என்று கூட வேலை செய்த ஆட்களிடம் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் புது வீடு இருக்குல்ல…"

"ஆமா, சொல்லு."

"லயத்த விடக் குளுருதுண்ணே."

விஷயம் இதுதான். புது வீட்டில் சாமி படத்தை மாட்டி, சாயந்திரம் விளக்கு வைத்துவிட்டு, படுக்க மட்டும் இருவரும் பழைய காம்பராவுக்கே போய்விடுகிறார்கள். நாள் முழுக்க மலையில் நனைந்து விறைத்து வருகிறவள் அவள். புது வீட்டில், மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற ஈரப் படங்கு காய்வதில்லை, போர்வை சில்லிட்டுக் கிடக்கிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது. ஆனால் தை முடிவதற்குள் பழைய காம்பராவை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா இரண்டு தடவை வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டாராம்: "ஒண்ணு காம்பராச் சாவியக் குடு, இல்லாட்டி வீட்டுச் சாவியக் குடு. ரெண்டையும் இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியாத."

"வீட்டத் திருப்பிக் குடுத்துறலாமான்னு யோசிக்கிறேண்ணே" என்றாள் செல்வி.

எங்கள் பரம்பரையில் முதல் முதலாகச் சொந்தப் பெயரில் வந்த சுவர். அதைக் குளிருக்குப் பயந்து திருப்பிக் கொடுப்பதா? அதுவும் குளிரை விரட்டுவதே தொழிலாக வைத்திருக்கிற அண்ணன் ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது?

"ஒண்ணும் குடுக்காத. நான் வாறேன். ஒரே நாள் வேலை" என்றேன்.

ஒரே நாள் என்று சொன்னது மட்டும் பலித்தது.

4

சுவரிடுக்குகளில் அடிக்கிற நுரை டப்பா இரண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போனேன். அதிகாரி எடுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கினேன்: "அமுக்கினால் வெளியே வரும். வந்ததும் பெரிதாகும். அப்புறம் கல்லாகிவிடும்." கையால் வேறு செய்து காட்டினேன். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களுக்கும் செய்து காட்டினேன். டப்பாக்களை வைத்துக்கொண்டு, என்னை மட்டும் ஒரு வழியாக விட்டார்கள்.

ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அதே டப்பா, அதே எழுத்துடன், வாசலில் அடுக்கியிருந்தது.

5

வீடு அழகான வீடு. இளநீல வர்ணம், சிமெந்துக் கல் சுவர், மேலே தகரம். மலைச்சரிவில் தனியாக நின்றது. நாலு பக்கமும் காற்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே நுழைந்ததும் நான் கையை நீட்டி, கண்ணை மூடி, காற்று வருகிற இடத்தைத் தேடினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் பார்ப்போம். செல்வி, "சாமி வந்துருச்சா?" என்று மச்சானிடம் கேட்டாள்.

சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. "பாத்தியா! கூரைக்குக் கீழயே வாசல் வச்சிருக்காங்க. இதுல குளுராம எப்புடி இருக்கும்?" என்றேன்.

"அது எதுக்கோ விட்டுருக்காங்க மச்சான்" என்றார் தியாகு.

"எதுக்கும் இல்ல மச்சான். சோம்பேறித்தனம். நான் எத்தனை வீடு பாத்துருக்கேன்."

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். முன்னறை, படுக்கையறை, குசினி, எல்லாவற்றிலும் சுற்றி நுரை அடித்தேன். ஜன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டினேன். கதவடியில் ரப்பர் வைத்தேன். மூன்று மணிக்குள் ஓர் எறும்பு கூட அனுமதி வாங்காமல் உள்ளே வர முடியாத நிலை. ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் காட்டினேன். சுடர் அசையவில்லை.

"பாருங்க மச்சான். ஜெர்மன் வீடு."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணனுக்கு நல்லா தேத்தண்ணி போடுறேன்" என்று குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். விறகு, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைச் செடியின் மார்க் குச்சி, அதுவும் மழையில் நனைந்தது.

ஜெர்மன் வீட்டில் விறகடுப்பு கிடையாது என்ற சின்ன விஷயம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த இடைவெளி எதற்கு விட்டிருந்தது என்று மச்சானுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. புகை போக வழி தேடி, மூன்று அறைக்கும் போய், திரும்பி வந்து எங்கள் மூஞ்சியில் உட்கார்ந்தது. கதவைத் திறக்கப் போனால் நான் வைத்த ரப்பரில் கதவு இறுகிவிட்டது. மச்சான் தோளால் மோதித் திறந்தார். நாங்கள் மூவரும், எங்களுக்குப் பின்னால் ஒரு வண்டிப் புகையும், வாசலில் வந்து விழுந்தோம். லயத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வீடு பற்றிவிட்டது போலத்தான் தெரிந்திருக்கும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்டாக்கையாவும் வந்தார். புகைகிற வீட்டைப் பார்த்தார். கண் சிவந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"இவருதான் வெளிநாட்டு அண்ணனா?"

"ஆமாங்கையா" என்றாள் செல்வி.

"எப்ப திரும்பிப் போறாரு?"

அன்றைக்குச் சாயந்திரமே செல்வி சாமி படத்தையும் கழற்றி, துணியில் சுற்றி, பழைய காம்பராவுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதுவரை விளக்காவது புது வீட்டில் எரிந்தது. என் புண்ணியத்தில் அதுவும் போனது.

மீரா வீடியோவில் வந்தாள். அவள் அத்தை அப்படியே கொட்டினாள். மீரா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பா, அங்கையும் ஜன்னல் திறக்கேல்லையோ?" என்றாள். செல்வி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "ஏண்ணே, ஒங்க மக ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறாப்புல பேசுது. ஆனா வெவரமா பேசுது."

6

பழைய காம்பராவில், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. குளிரில் பல் தந்தியடித்தது.

"அங்க எதுக்கு நடுவுல ஒக்காந்துருக்கீங்க? அந்தச் செவுத்துல சாயுங்க" என்றாள் செல்வி.

சாய்ந்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி.

"அந்தப் பக்கம் ராசம்மாக்கா அடுப்பு" என்றாள். "காலையில நாலு மணிக்குப் பத்தவச்சா, ராவு வரைக்கும் செவுறு ஆறாது. நம்ம அடுப்பு இந்தப் பக்கச் செவுத்துல இருக்கா, அது அங்கிட்டு வேலு வீட்டுக்குச் சூடு. வேலு வீட்டு அடுப்பு அதுக்கு அடுத்த வீட்டுக்கு. எனக்கு முதுகு வலிச்சா இதுல பத்து நிமிசம் சாஞ்சாப் போதும்."

"புது வீட்டுல?"

"அங்க அடுப்பக் கொண்டுபோய் வெளிச் செவுத்துல கட்டி வச்சிருக்காங்க. அது மலைக்குச் சூடு குடுத்துக்கிட்டு இருக்கு. மலைக்கு எதுக்குண்ணே சூடு?"

என் வேலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம்: "இந்தச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீடு இருக்கிறதா?" இருக்கிறது என்றால் அந்தச் சுவருக்குப் போர்வையே தேவையில்லை. பதினெட்டு வருடமாக நான் டிக் போடுகிற கட்டம் அது. நான் பிறந்ததே அந்தக் கட்டத்துக்குள்தான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

லயத்தை நான் புகழவில்லை. யாரும் அப்படி நினைத்துவிட வேண்டாம். அதைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைமார் எங்கள் முதுகுக்குச் சூடு கொடுக்க நினைத்துக் கட்டவில்லை. ஒரு சுவரில் இரண்டு வீட்டை முடித்தால் கல் மிச்சம் என்று கட்டினார்கள். ஒழுகுகிற தகரம், ஆண்டு முழுக்கப் புகை, பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் நம் சோற்றிலேயே விழும். செல்வி அங்கேயே கிடக்க வேண்டும் என்று எந்தப் பாவியும் சொல்ல மாட்டான். ஆனால் அவளை அங்கே பிடித்து வைத்திருந்தது பாசமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒரு சுவர். அந்தச் சுவரை எடுத்துக்கொண்டு போக முடிந்தால் அவள் போய்விடுவாள்.

"புது வீட்டு அடுப்ப உள்செவுத்துக்கு மாத்தி வச்சா?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். நீங்க டப்பாவத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க. படிச்ச வேலைன்னு பேசாம இருந்துட்டேன்."

7

மறுநாள் செல்வி மேஸ்திரி, நான் சித்தாள்.

குசினிக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருக்கும் சுவரை ஒட்டிப் புது அடுப்பு. மண் குழைப்பது நான், வைப்பது அவள். நான் வைத்த இரண்டு கல்லை அவள் பேசாமல் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்த ஒரு தகரக் குழாயை, ஸ்டோர் அதிகாரி டீமேக்கரிடம் கேட்டு மச்சான் தோளில் தூக்கி வந்தார். அது அடுப்புக்கு மேலே புகைபோக்கியானது. குசினியில் நான் அடைத்த நுரையையெல்லாம் நானே கத்தியால் நோண்டி எடுத்தேன். கல்லாகிவிடும் என்று விமான நிலையத்தில் சொன்னது பொய்யில்லை. அரை நாள் பிடித்தது.

அப்புறம் மச்சான் என்னைப் படுக்கையறை நடுவில் நிறுத்தி, மேலே பார்க்கச் சொன்னார்.

"ஸ்டோருல கொழுந்த எங்க வாட்டுறோம்?"

"மேல்மாடில."

"ஏன்?"

"சூடு மேல போகும்."

"இங்க மேல என்ன இருக்கு?"

வெறும் தகரம் இருந்தது. என்ன சூடு வந்தாலும் நேரே போய் அதைத் தொட்டு, மலைக்குப் போய்விடும்.

"ஜெர்மன்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலயா மச்சான்?"

"குடுத்தாங்க. அன்னைக்கி நான் லீவு."

ரெஜிபோம் வேண்டும். புதிதாக வாங்கலாம்தான். ஆனால் மீராவின் குரல் காதில் கேட்டது. எதையும் புதிதாக வாங்கினால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள். தலவாக்கலை மீன் கடைகளின் பின்னால் வெள்ளைப் பெட்டிகள் மலையாகக் கிடப்பதைப் பார்த்திருந்தேன். இரண்டு நடையில் அறுபது பெட்டி. பஸ்ஸில் கட்டுக் கட்டாக ஏற்றியபோது, முன் சீட்டிலிருந்த அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில், மீன் என்ன விலை என்று கேட்டார். மீன் இல்லை, பெட்டி மட்டும்தான் என்றேன். "மீன் இல்லாமலே இந்த நாற்றமா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது?

கொதிநீர் ஊற்றிக் கழுவி, சுண்ணாம்பு தடவி, வெயில் வந்த இரண்டு நாளும் காயவைத்து, பலகையாக வெட்டினோம். சட்டம் அடித்து அதன் மேல் பரப்பி, கீழே சீலிங் தகடு போட்டு மூடினோம். முன்னறைக்கும் படுக்கையறைக்கும் மட்டும். அந்தச் சாமான் நெருப்பைக் கண்டால் உருகி ஓடும். அடுப்பு இருக்கிற குசினிப் பக்கம் ஒரு துண்டு கூடக் கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்காவது என் பதினெட்டு வருடம் உதவியது.

நாற்றம் முழுதும் போகவில்லை. லயத்துப் பூனைகள் அத்தனையும் ஒரே நாளில் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. வீட்டுக்காரி மட்டும் வரவில்லை.

அடுப்பைப் பற்றவைக்கிற அன்றைக்கு, யாரும் கூப்பிடாமலே, லயத்தில் பாதிப் பேர் வாளியில் தண்ணீருடன் வந்து நின்றார்கள். "சும்மா, பாதுகாப்புக்கு" என்றார் ராசம்மாக்கா. புகை குழாய் வழியாக ஒழுங்காக மேலே போனது. கூட்டம் கொஞ்சம் ஏமாந்துதான் போனது.

சோறு வெந்து, குழம்பு கொதித்து, இரண்டு மணி நேரம் கழித்து, செல்வி படுக்கையறைக்குப் போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். நானும் மச்சானும் வாசலில் நின்று, பரீட்சை எழுதியவர்கள் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கண்ணை மூடினாள். வெகு நேரம் இருந்தாள்.

"எப்புடி?"

"பார்ப்போம்" என்றாள்.

"சூடு வருதா இல்லியா?"

"வருது. ஆனா இது இன்னைக்கி. மழை புடிச்சு நாலு நாள் நனைஞ்சு வந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் காம்பராச் சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் பார்த்து அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விடுமுறை முடிந்துவிட்டது. பஸ் திரும்புகிற வளைவில் பார்த்தேன். இரண்டு பேரும் கையசைத்துவிட்டு நடந்தது லயத்துப் பக்கமா, வீட்டுப் பக்கமா என்று பனிமூட்டத்தில் தெரியவில்லை.

8

இங்கே வந்தால் சாரத்தின் மேல் பனி. மூன்று மாடி வீடு ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறோம். வெள்ளைப் பலகையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மீன் வாசம் வருவது போல ஒரு பிரமை. முகர்ந்து பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

வீட்டிலும் ஒரு மாற்றம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் நானே ஜன்னலைத் திறக்கிறேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முனகிக்கொண்டு. புகை நிறைந்த ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்தவனுக்குக் காற்றின் அருமை தெரியும். மீரா நம்பவில்லை, முதல் வாரம் கதவருகே நின்று கண்காணித்தாள். பிறகு, "அப்பா, மாமி வீட்டிலை எத்தனை டிகிரி?" என்று தினமும் கேட்க ஆரம்பித்தாள். அவள் தமிழில் அத்தை மாமிதான்.

எனக்கு எப்படித் தெரியும்? செல்வியிடமிருந்து ஒரு எண் கூட வரவில்லை. அங்கே மழை பிடித்துவிட்டது என்று மட்டும் தெரியும். மச்சானுக்குச் செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் வரும். வீடு சூடாக இருக்கிறதா என்று கேட்டாலும் கட்டைவிரல், மழையா என்று கேட்டாலும் கட்டைவிரல். தை முடிய நான்கு நாள் இருந்தது. வேலையில் பலகையை அளக்காமல் வெட்டி இரண்டு தடவை திட்டு வாங்கினேன். திருப்பித் திட்டக்கூட மனம் வரவில்லை.

நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாரத்தின் மூன்றாம் தட்டில் உட்கார்ந்து, செல்விக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். நீளமான செய்தி. தங்கச்சி, வெப்பமானியை ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கவிடாதே, தப்பாகக் காட்டும். காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார். சாயந்திரம் ஒரு தடவை பார். சமைக்கும்போது குசினி ஜன்னலை ஒரு சாண் திறந்து வை. மூலையில் கறுப்புப் பிடித்தால் படம் எடுத்து அனுப்பு. மழைத் துணியைப் படுக்கையறைக்குள் காயப்போடாதே. மீரா கேட்கிறாள், நானும் கேட்கிறேன், தயவு செய்து ஒரே ஒரு எண் சொல்லு, எத்தனை டிகிரி?

சோற்றுப் பெட்டியை மூடுவதற்குள் பதில் வந்தது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, போனைக் காதில் வைத்தேன்.

"காம்பராவ ஒப்படைச்சாச்சுண்ணே."